மார்த்தம்மாள் கையில் கரண்டி

1956

ஜூன் 3, ஞாயிறு

மிளகாய் காயப்போட்டால் மழை வருகிறது. எடுத்து உள்ளே வைத்தால் வெயில் பல்லிளிக்கிறது. காலையிலிருந்து முறத்தோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்ததுதான் மிச்சம்.

இந்த டைரி மில்லில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. "எனக்கெதுக்கு அம்மணி? சங்கு ஊதுனாப் போறேன், சங்கு ஊதுனா வாரேன். இதுல எழுத என்ன கெடக்குது?" என்று என்னிடம் தள்ளிவிட்டார். ஐந்து மாதமாக ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்தது. கன்னியாஸ்திரீகளிடம் எட்டாவது வரை படித்த எழுத்து துருப்பிடிக்கக் கூடாதே என்று இன்றைக்குத் துடைத்து எடுத்திருக்கிறேன். ஓரத்தில் எண்ணெய் வாசம் போகவில்லை.

திறந்ததும் ஜூலை 29 எந்தக் கிழமை என்றுதான் முதலில் பார்த்தேன். ஞாயிறு! எங்கள் மார்த்தம்மாள் கோயில் திருநாள் இந்தத் தடவை மில் லீவு நாளிலேயே வருகிறது. கூட்டம் இரண்டு பங்கு இருக்கும், எனக்கு வேலையும் இரண்டு பங்கு. கல்யாணமான வருஷத்திலிருந்து கொட்டகையில் திருநாள் சமையல் என் பொறுப்பு. ஊரே சப்பரத்தோடு சுற்றிவந்து பாட்டுப் பூசை காணும், நான் அண்டாவுக்கு முன்னால் நிற்பேன். பேண்டு சத்தத்தை வைத்தே "இப்ப மில் கேட்டுத் திரும்பறாங்க" என்று சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டது. பேர் என்னவோ மார்த்தாள். மார்த்தம்மாள் திருநாள் பூசையை வாழ்நாளில் ஒரு தரம் கண்டிருக்கிறாயா என்று கேட்டால் இல்லை.

இந்த வருஷமாவது பார்த்துவிட வேண்டும். எழுதி வைத்தால் நடக்கும் என்கிறார்கள். எழுதிவிட்டேன்.

ஜூன் 5, செவ்வாய்

மிளகாய் காய்ந்தது. அப்பாடா.

ஜூன் 17, ஞாயிறு

புதுச் சாமியார் வந்துவிட்டார். பேர் இஞ்ஞாசி சாமி, தஞ்சாவூர்ப் பக்கம். ஒல்லி. வந்த பெட்டிகளில் ஒன்றில்தான் துணி, மற்றதெல்லாம் புஸ்தகம் என்று தூக்கி வைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிரசங்கம் நன்றாக இருந்தது. நீளம்.

பூசை முடிந்து கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சுரூபங்களை இறக்கினார்கள். துடைக்கிறதுக்குத் தண்ணீர் கொண்டு போனேன். மார்த்தம்மாளைக் கிட்டத்தில் பார்ப்பது என்றால் எனக்குத் தனிப் பிரியம். நான் பிறந்த வருஷத்தில், பிரெஞ்சுக்காரச் சாமியார் காலத்தில், வைக்கோல் அடைத்த பெட்டியில் கப்பலேறி வந்தவள். அதனால்தான் எனக்கும் அந்தப் பேர். காலடியில் முதலை மாதிரி ஒரு மிருகம். இடது கையில் துடைப்பம். வலது கையில் என்ன இருந்ததோ, வழியில் உடைந்து போய், கை மட்டும் எதையோ பிடிக்கிற மாதிரி வளைந்து நின்றதாம். ஆற்றங்கரையில் ஆள் விழுங்கிக்கொண்டிருந்த மிருகத்தின் மேல் தீர்த்தம் தெளித்து, தன் இடுப்புக் கச்சையால் கட்டி இழுத்துவந்தவள் மார்த்தம்மாள் என்று கோயில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பெத்தானியாவில் வீடு கூட்டி, சமைத்து, சேசுநாதருக்குப் பரிமாறினவளும் அவள்தான். துடைப்பம் இருக்கிறது, கரண்டி எங்கே என்று அன்றைக்கு இருந்த பெண்கள் கேட்டிருக்கிறார்கள். வெறுங்கையில் ஓர் அகப்பையைச் செருகிவிட்டார்கள்.

இப்போது இருப்பது பித்தளைக் கரண்டி. மில் பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் அந்தக் கை வளைவுக்கு அளவெடுத்துச் செய்தது. திருநாள் அன்று விடியும்போது, சமையல்காரிகளில் மூத்தவளான சூசையம்மாக்கா அந்தக் கரண்டியை அம்மாள் கையிலிருந்து எடுத்துவந்து என்னிடம் கொடுப்பாள். அதை வாங்கி, முதல் அண்டாத் தண்ணீரில் சிலுவை போட்ட பிறகுதான் அடுப்புக்கு நெருப்பு. பந்தி முடிந்ததும் கரண்டி கழுவித் துடைத்து மறுபடி அம்மாள் கைக்குப் போய்விடும்.

புதுச் சாமி சுரூபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"எம் பேருக்காரிங்க சாமி."

சிரிப்பார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

ஜூன் 20, புதன்

தலையில் இடி.

சாமி கூப்பிட்டு அனுப்பினார். நானும் சூசையம்மாக்காவும் போனோம். மேஜை மேல் ஒரு தடித்த புஸ்தகம், அதில் ஒரு படம். எங்கள் அம்மாளே படத்தில் நிற்கிறாள். அதே மிருகம், அதே துடைப்பம். வலது கையில் மட்டும் சிலுவை.

"இவங்க மார்கரீத்தம்மாள். வேதசாட்சி. நம்ம கோயில்ல இருக்கிறது இவங்க சுரூபம்தான்" என்றார்.

சூசையம்மாக்கா விடவில்லை. "துடைப்பம் வெச்சிருக்கறாங்களே சாமி?"

"அது துடைப்பம் இல்லம்மா. குருத்தோலை. ஆண்டவருக்காக உயிரைக் கொடுத்தவங்க கையில அப்படி வைப்பாங்க. மார்த்தம்மாள் வேதசாட்சி இல்லையே."

மிருகம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மிருகம் இரண்டு பேருக்கும் உண்டாம். மார்த்தம்மாள் கட்டி இழுத்தது ஒன்று, மார்கரீத்தம்மாளை விழுங்கி, வயிறு வெடித்துச் செத்தது இன்னொன்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் சூசையம்மாக்கா சொன்னாள்: "குருத்தோலைன்னா கூட்ட முடியாதா என்ன?"

ஜூன் 21, வியாழன்

அப்படியென்றால் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? இத்தனை வருஷமாக, மூத்தவனுக்கு அம்மை போட்டபோது, அவருக்கு மெஷினில் விரல் நசுங்கினபோது — 'அம்மா மார்த்தம்மா' என்றுதானே முழங்காலில் விழுந்தேன்? நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் வேறு ஒருத்தியா? கேட்டாளே! அதுவும் நடந்ததே! அப்ப யாரு பண்ணிக் குடுத்தது?

ரசத்தில் புளி போட மறந்துவிட்டேன். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். நல்ல மனுஷன்.

ஜூன் 24, ஞாயிறு

பிரசங்கத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஜூலை 20 மார்கரீத்தம்மாள் நாள், அன்றைக்கு அந்தச் சுரூபத்துக்கு முன்னால் பூசை. ஜூலை 29 மார்த்தம்மாள் திருநாள் எப்போதும் போல உண்டு, சாப்பாடும் உண்டு. ஆனால் சப்பரத்தில் மார்த்தம்மாள் படம்தான் வரும். சுரூபத்தின் கையில் இனிமேல் கரண்டி கூடாது. ஒருத்தர் பேரில் இன்னொருத்தரைக் கும்பிடுவது இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை என்றார்.

நியாயம்தான். அதுதான் கோபம் வருகிறது. நியாயமில்லாமல் பேசினால் சண்டையாவது போடலாம்.

கரண்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். பழைய சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். "அளவெடுத்துச் செஞ்சனே அம்மணி" என்று என் வீட்டுக்காரர் இரண்டு தரம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

படத்தைக் காட்டினார்கள். உள்ளங்கை அகலம். சப்பரத்தில் வைத்தால் பூவுக்குள் தேட வேண்டும்.

ஜூலை 1, ஞாயிறு

சுரூபம் வந்த பெட்டியைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது சூசையம்மாக்கா ஒருத்திதான். சாட்சி சொல்லச் சாமியிடம் கூட்டிப் போனேன். அகப்பையைச் செருகியதே அவள்தான் என்று போன வாரம் என்னிடம் சொன்னாள். சாமியிடம் போனதும், பிரெஞ்சுக்காரச் சாமியாரே தன் கையால் செருகினார் என்றாள். எந்தக் கையால் என்று சாமி கேட்டார். பெட்டிக்குள்ளேயே அகப்பை இருந்தது என்று மாற்றிவிட்டாள்! பிரான்சு தேசத்தில் கொட்டாங்கச்சி அகப்பை!

சாமி வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சிரிப்பு என்று தெரிந்தது. எனக்கு மானம் போயிற்று. திரும்பி வரும்போது, "ஏன் அக்கா இப்பிடி?" என்றேன். "நல்ல காரியத்துக்குத்தான கண்ணு" என்கிறாள்.

ஜூலை 8, ஞாயிறு

பூசை முடிந்து நானே போய் நின்றேன். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்: "சாமி, நீங்க மார்த்தம்மாளைக் கொண்டுக்கிட்டுப் போயிட்டீங்க. எனக்கு மிச்சமிருக்கிறது அவங்க ஆண்டவர்கிட்டத் திட்டு வாங்குன கதை ஒண்ணுதானுங்க. வேலை செஞ்சவளுக்குத் திட்டு, காலடியில சும்மா உட்கார்ந்திருந்த தங்கச்சிக்குப் பாராட்டு. அதைப் படிக்கறப்பெல்லாம் எனக்கே சொன்ன மாதிரி இருக்குதுங்க."

சாமி உட்காரச் சொன்னார். சுவிசேஷத்தைத் திறந்து வைத்து, மார்த்தாளைப் பற்றி இன்னும் இரண்டு இடம் இருக்கிறது என்று தமிழில் சொன்னார். தம்பி லாசர் செத்த நாலாம் நாள் ஆண்டவர் வருகிறார் என்று கேட்டதும் தங்கச்சி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாளாம். எழுந்து ஊருக்கு வெளியே ஓடினவள் மார்த்தாள். 'நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான்' என்று முகத்துக்கு நேரே கேட்டாள். கேட்ட வாயாலேயே 'நீரே கிறிஸ்து' என்றும் சொன்னாள். எங்கள் ஊர் கணபதியில் பிறந்திருக்க வேண்டியவள்!

அப்புறம், தம்பி உயிரோடு எழுந்த பிறகு ஒரு விருந்து. அதில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறதாம். மார்த்தாள் பரிமாறினாள்.

"திட்டு வாங்கியும் அடுப்பை உடலையாக்கும்?" என்றேன்.

"விடலைம்மா" என்றார்.

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். ஏனென்று தெரியவில்லை.

ஜூலை 12, வியாழன்

தோட்டத்து வரலட்சுமி மோர் கொண்டு வந்தாள். எங்கள் மில் லைன் வீடுகளுக்குப் பின்னால் கிணறும் சோளக்காடும் அவர்களுடையது. நாயுடு வீட்டுப் பெண், கும்பிடுவது பெருமாளை. ஆனாலும் வருஷா வருஷம் மார்த்தம்மாளுக்கு உப்பும் மிளகும் கொண்டுவந்து கொட்டத் தவறமாட்டாள். செவலைப் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டாளாம், பிழைத்துக்கொண்டதாம்.

அவளிடம் எல்லாம் சொன்னேன். "எனக்கு இதுதான் புரியலைங்க. நாம மார்த்தம்மாளைக் கூப்புட்டோம், நின்னது மார்கரீத்தம்மாள். அப்ப நம்ம வேண்டுதல் யாருகிட்டப் போச்சு?"

மோரை என் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தவள் யோசிக்கவே இல்லை. "ஏனுங்க, தபால்காரன் உங்க கடுதாசிய எங்கூட்டுல போட்டுட்டா நான் என்ன கிழிச்சா போடுவேன்? எடுத்துக்கிட்டு வந்து உங்களுக்குத் தர மாட்டனா? அந்தம்மாவும் குடுத்திருப்பாங்க."

எட்டாவது படித்த எனக்கு இது தோன்றவில்லை. இன்று ரசத்தில் புளி சரியாக இருந்தது.

ஜூலை 20, வெள்ளி

மார்கரீத்தம்மாள் நாள். பூசைக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பாவமாக இருந்தது. நாங்கள் தப்பாகக் கூப்பிட்டபோதெல்லாம் கூட்டமாக நின்றோம், சரியான பேர் தெரிந்ததும் யாரையும் காணோம். பிரசவத்துக்கு இந்த அம்மாளைத்தான் வேண்டிக்கொள்வார்களாம், சாமி சொன்னார். அப்படியானால் செவலைப் பசுவுக்கு யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது!

மெழுகுதிரி ஏற்றினேன். முகம் அதே முகம்தான். வெறுங்கையைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. இத்தனை நாள் மாறிக் கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 26, வியாழன்

தொண்டாமுத்தூரில் என் கொழுந்தனார் தோட்டத்தில் யானை புகுந்துவிட்டது. திருநாள் பந்திக்கு இலை வெட்ட விட்டுவைத்திருந்த வாழை அத்தனையும் போச்சு. "நம்முளுக்கு முந்தி அது ஒறம்பரையா வந்து பந்தி முடிச்சுப்போட்டுதுங்க அண்ணி" என்று பஸ்ஸில் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒறம்பரைக்கு, அதுதான் விருந்தாளிக்கு, நல்ல பசி. தேங்காய் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இலைக்கு வரலட்சுமி தன் கிணற்று மேட்டு வாழையை வெட்டிக்கொள்ளச் சொன்னாள்.

ஜூலை 28, சனி

நாளை. வெள்ளகோவிலிலிருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள். கொட்டகையில் வெங்காயம் மலை மாதிரி. எல்லோர் கண்ணும் சிவப்பு. பூசைக்குப் போவேன் என்று ஜூன் மாதத்தில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். இந்தக் கூட்டத்துக்கு அடுப்பை விட்டு நகர முடியுமா? முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போன வருஷமும் நினைத்தேன்.

கரண்டியைத் துலக்கி வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியாமல்தான் துலக்கினேன்.

ஜூலை 29, ஞாயிறு

கை வலி. கால் வலி. சிரித்துச் சிரித்து வயிறும் வலி. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 30, திங்கள்

ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

நேற்று விடியும்போது கொட்டகையில் நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். விறகு அடுக்கியாயிற்று, அண்டாவில் தண்ணீர் நிரப்பியாயிற்று. நெருப்புப் பெட்டி என் கையில். கரண்டி என் மடியில். யாரும் அசையவில்லை.

"பத்த வெய்யி கண்ணு" என்றாள் சூசையம்மாக்கா.

"கரண்டி வாங்காம எப்பிடிங்க அக்கா?"

"யாரு கையிலருந்து வாங்கறது?"

என்னிடமிருந்தே வாங்கிக்கொள்ளலாமா என்றேன். "நீயே குடுத்து நீயே வாங்குவியா?" என்றாள். அகப்பையைச் செருகிய கை உங்களுடையதுதானே, நீங்கள் கொடுங்கள் என்றேன். அது நான் இல்லை என்று இப்போது சொல்கிறாள்! இப்படியே நின்றோம். சண்டைக்கு நின்றோமா என்றால் அதுவும் இல்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கரண்டி இல்லாமல் அந்த அடுப்பை ஒருநாளும் பற்றவைத்ததில்லை.

கோயில் படியில் செபம் சொல்லிக்கொண்டிருந்த சாமி, புகையைக் காணோமே என்று பார்த்திருக்கிறார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழியில் கிடந்த சோளத்தட்டு மேல் தாவி வந்தார்.

"என்ன இது, சத்தியாக்கிரகமா?"

"ஐயோ, இல்லீங்க சாமி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். நான்தான் விளக்கினேன். கரண்டி எப்படி வரும், தண்ணீரில் எப்படிச் சிலுவை போடுவோம், இப்போது யாரிடமிருந்து வாங்குவது என்று தெரியவில்லை — எல்லாம். அவருக்கு இந்த வழக்கம் தெரியவே தெரியாது. கையில் கரண்டி இருக்கிறது, கூடாது, எடுத்துவிட்டோம் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறார்.

சாமி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்புக் குழிகள், வெங்காய மலை, நாங்கள்.

"சரி, பூசைக்கு யார் யார் வருவீங்க?"

"அடுப்ப உட்டுப்போட்டு எப்பிடிங்க சாமி?" என்றாள் சூசையம்மாக்கா. "நாங்க என்னைக்கும் வந்ததில்லீங்க."

"என்னைக்குமேயா? மார்த்தா, உங்க பேர் கொண்ட அம்மாள் திருநாள். நீங்க ஒரு தடவைகூட...?"

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த வாயில் ஒரு சொல் வரவில்லை. கண்ணில்தான் வந்தது. வெங்காயம் என்று சொல்லிப் பார்த்தேன். முந்தின நாளே நறுக்கி முடித்த வெங்காயம்.

சாமி என் மடியைக் காட்டி, "அதைக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். "மார்த்தாள் ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டாள், அப்படித்தான் சுவிசேஷத்தில் இருக்கு. கோயில்ல இல்லை, வீட்டில். படிச்சிருக்கேன், பார்த்ததில்லை" என்றார். "இன்னைக்கு என் கையிலிருந்து வாங்கிக்கங்க. சப்பரம் முதல்ல இங்கதான் வரும்."

வாங்கினேன். தண்ணீரில் சிலுவை போட்டேன். நெருப்பு வைத்தேன். இந்தப் பெரிய கரண்டியை இவ்வளவு நேரம் எப்படித் தூக்கிப் பிடிப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே சாமி போனார்.

அப்புறம் சப்பரம்! கோயில் வாசலிலிருந்து எப்போதும் வலது பக்கம் திரும்பும் பேண்டு நேற்று இடது பக்கம் திரும்பியது. தோள் கொடுத்தவர்களுக்குப் பழக்கத்தில் கால் வலது பக்கமே போக, முன்னால் இரண்டு பேர் ஒரு திசை, பின்னால் இரண்டு பேர் ஒரு திசை. என் வீட்டுக்காரர், "இந்தக்கட்ட! இந்தக்கட்ட!" என்று இடது பக்கம் கையைக் காட்டிக் கத்துகிறார். சாமி கையில் மார்த்தம்மாள் படம். சப்பரத்தில் மார்கரீத்தம்மாள், முழு அலங்காரத்தோடு. படம் பூவுக்குள் காணாமல் போகும் என்று சாமியே கடைசி நேரத்தில் ஏற்றச் சொன்னாராம். கொட்டகைக் கூரை தாழ்வு. அம்மாள் கிரீடம் இடிக்காமல் இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாழ்க்கையிலே முதல் தரம் சப்பரத்தை முன்னால் நின்று பார்த்தேன். பூ இவ்வளவு கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. மேலெல்லாம் புகையும் மசாலாவுமாக அழுக்குச் சேலையில் நின்றேன். அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

சாமி சத்தமாகச் சொன்னார்: "இது மார்த்தம்மாள் வீடு. இதோ நிக்கிறவங்க மார்கரீத்தம்மாள், தூர தேசத்திலிருந்து வந்தவங்க. இத்தனை வருஷமா இந்த வீட்டுல விருந்தாளியா இருக்காங்க."

அப்போதுதான் வரலட்சுமி, இலைக்கட்டைத் தலையில் வைத்தபடி, கையை மோவாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அட ராமா! ஒறம்பரை கையில கரண்டியக் குடுத்து முப்பது வருசமாச் சமைக்க வெச்சுப்போட்டீங்களே!"

பேண்டுக்காரர்கள்கூடக் குழலை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். சாமி சிரித்த சிரிப்பில் படம் நழுவி வெங்காயத்தில் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். சின்னப் படம்தான். ஆனால் கிட்டத்தில் பார்த்தால் அவள் கையில் ஒரு தட்டும் இடுப்பில் சாவிக்கொத்தும் இருக்கின்றன. ஏதோ வேலையாகப் போகிறவள் நடுவில் திரும்பிப் பார்க்கிற மாதிரி முகம். வணக்கம் சொன்னேன்.

சூசையம்மாக்கா முதல் இலையை எடுத்து மார்கரீத்தம்மாள் முன்னால் விரித்துவிட்டாள். வந்த விருந்தாளிக்கு இலை போடாமல் அனுப்புகிற ஊரா இது? சாமி தொண்டையைக் கனைத்தார். படையலா என்று கேட்கப் போகிறார் என்று பயந்தேன். "அந்த இலையை அப்புறம் பசியா வர்ற யாருக்காவது முதல்ல போடுங்க" என்றார். அப்படியே செய்தோம்.

பூசை எனக்கு நேற்றும் கிடைக்கவில்லை. மணிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் மனசு குறைப்படவில்லை. கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 2, வியாழன்

ஆடிப் பதினெட்டு. வரலட்சுமி வீட்டிலிருந்து சித்திரான்னம் வந்தது. கரண்டியைச் சாமி கோயிலுக்குள்ளேயே மார்த்தம்மாள் படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டிவிட்டார். படத்துக்குச் சட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர். கரண்டி படத்தைவிட மூன்று பங்கு பெரிது.

நவம்பர் 18, ஞாயிறு

சாப்பிடும்போது அவராக ஆரம்பித்தார். "அம்மணி, அடுத்த வருசம் திருநாள்ல அடுப்பு எங்களுது. பட்டறைக்காரங்க எல்லாம் பேசி வெச்சுட்டோம். நீங்க பூசைக்குப் போங்க."

"உங்களுக்கு உலை வெக்கத் தெரியுமாங்க?"

"பாய்லரையே கழட்டி மாட்டறவனுக்கு அண்டா என்ன பெரிய இதா?"

தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுக்களையில் வந்து கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

1957

ஜூலை 28, ஞாயிறு

இந்த வருஷ டைரியில் இதுதான் முதல் எழுத்து. இதுவும் ஜாடி மூடியாகத்தான் இருந்தது.

மில் லீவுக்காகத் திருநாளை ஒரு நாள் முந்தி இன்றைக்கே வைத்துக்கொண்டோம். கல்யாணப் பட்டுச் சேலை கட்டினேன். திருநாளில் நான் பட்டுக் கட்டுவது இதுதான் முதல் தரம். போன வாரம் மார்கரீத்தம்மாள் நாளுக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள், வரலட்சுமி செவலைக் கன்றுக்குட்டியையே பிடித்துவந்து வாசலில் நிறுத்தினாள். அதனால் இன்றைக்கு அந்த அம்மாளை விட்டுவிட்டு மார்த்தம்மாளை மட்டும் எடுத்துப் போக யாருக்கும் மனசில்லை. இரண்டு பேரும் சப்பரத்தில் வந்தார்கள். கரண்டியைச் சாமி என் கையில் கொடுத்தார். சப்பரத்துக்கு முன்னால் நான் தூக்கிக்கொண்டு நடந்தேன், பக்கத்தில் சூசையம்மாக்கா. இடது பக்கம் திரும்ப இந்தத் தடவை யாரும் தடுமாறவில்லை.

கொட்டகை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தலையில் துண்டு, நெற்றியில் கரி, முட்டிவரை மடித்துக் கட்டிய வேட்டி. அவர் செய்த கரண்டியை அவரிடமே கொடுத்தேன். அண்டாத் தண்ணீரில் சிலுவை போட்டார். தப்பாக, இடமும் வலமும் மாற்றிப் போட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பாட்டுப் பூசை. முன் வரிசையில் நாங்கள் எல்லோரும். ஊதுபத்திப் புகை, பாட்டு, மணி. இதற்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினேன்? மனசு எங்கே இருந்தது என்று ஆண்டவருக்குத் தெரியும். இப்போது உலை கொதித்திருக்கும். அரிசி களைந்தார்களா? மல்லியைக் கருக விட்டிருப்பார்களோ? உப்பு! உப்பு எவ்வளவு என்று நான் சொல்லவே இல்லையே! ஜன்னல் வழியாகப் புகை வேறு கறுப்பாகத் தெரிந்தது.

சாமி சுவிசேஷத்தை லத்தீனில் முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் வாசித்தார். என் காதில் எதுவும் விழவில்லை. கறியை எப்போது போட்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று யாரோ கூப்பிட்டார்கள்:

"மார்த்தா, மார்த்தா..."

"வாரேனுங்" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. சூசையம்மாக்கா முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சாமிக்குச் சிரிப்பில் தோள் குலுங்குகிறது, ஆனால் முகத்தை இறுக்கிக்கொண்டு மீதியையும் வாசித்தார். 'நீ அநேக காரியங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்.' இத்தனை வருஷம் அதைத் திட்டு என்று நினைத்தேன். இன்றைக்குக் கேட்டபோது அப்படித் தெரியவில்லை. அரக்கப்பரக்க வேலை செய்கிறவளைப் பார்த்து வீட்டு மனுஷர் ஒருத்தர், கொஞ்சம் உட்காரேன் அம்மணி என்று சொல்கிற மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். அதற்கப்புறம் பூசை முடிகிறவரைக்கும் நான் வேறு எங்கும் போகவில்லை.

பந்தியில் என்னையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவரே வந்து பரிமாறினார். கறிக்குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

"எப்பிடி இருக்குதுங் அம்மணி?" என்று குனிந்து கேட்டார்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றேன்.